வீட்டுக்கல்விக்கு எந்த பிளானர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குழந்தைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தத் தொடங்கியிருக்கிறோம். பாடங்களைத் திட்டமிட ஏகப்பட்ட ஆப்கள் இருக்கின்றன. நாலைந்தைப் போட்டுப் பார்த்ததில் குழப்பம்தான் மிச்சம். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: ஒரு நாள் பாடம் தவறினால் அந்த ஆப் என்ன செய்கிறது என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். முதல் வாரத்தில் எல்லா ஆப்பும் நன்றாகத்தான் இருக்கும். காய்ச்சல், வெளியூர்ப் பயணம், இரண்டு நாள் இழுத்த ஒரு கணக்கு என்று வந்த பிறகுதான் அதன் குணம் தெரியும்.

சோதிக்க அரை மணி நேரம் போதும். ஆண்டுப் பாடம் முழுவதையும் ஏற்றாதீர்கள். கணிதத்தில் 20 பாடங்களை மட்டும், வாரம் 4 நாள் என்று ஏற்றுங்கள். முதல் இரண்டை ‘முடிந்தது’ என்று குறித்துவிட்டு, மூன்றாவதை வேண்டுமென்றே தவறவிடுங்கள். மீதி 18 பாடங்களும் ஒரு வகுப்பு தள்ளிப் போக வேண்டும். இரண்டு மூன்று தட்டில் நகர்ந்துவிட்டால் அந்த ஆப் தேறியது. ஒவ்வொன்றாக இழுத்துப் போட வேண்டுமென்றால் அதை அப்போதே அழித்துவிடலாம். ஹோம்ஸ்கூல் பிளானெட், ஸ்காலரிக் போன்று வீட்டுக்கல்விக்கென்றே உருவானவற்றில் தவறிய பாடங்களைத் தள்ளிவைக்கும் வசதி இருக்கிறது. பொதுவான காலண்டர் ஆப்களில் அதை எதிர்பார்க்க முடியாது.

அடுத்து, ஏற்றிய 20 பாடங்களையும் சிஎஸ்வி கோப்பாக (எந்த ஸ்ப்ரெட்ஷீட்டிலும் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு) வெளியே எடுத்துப் பாருங்கள். பாடம், தேதி, முடிந்ததற்கான குறி, நிமிடம் எல்லாம் தனித்தனி நெடுவரிசையாக வருகிறதா? பிடிஎஃப் மட்டும்தான் தருவேன் என்றால், சந்தா நிற்கும் நாளில் உங்கள் உழைப்பு வெறும் அச்சுத்தாளாகத்தான் கைக்கு வரும்.

இன்னொன்று. ‘பிளானர்’ என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் நான்கு வேலைகள் இருக்கின்றன: ஆண்டு முழுவதற்குமான பாட வரிசை, வாரத்தின் நேர அட்டவணை, குழந்தையின் கையில் இருக்கும் இன்றைய பட்டியல், முடிந்ததற்கான பதிவு. நான்கையும் நன்றாகச் செய்யும் ஒரே கருவியைத் தேடித்தான் பலர் களைத்துப் போகிறார்கள். வரிசைக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட், நேரத்துக்கு ஒரு காலண்டர், குழந்தைக்கு ஒரு காகிதம் என்று பிரித்துவிட்டால் எதுவும் பெரிய ஆப்பாக இருக்கத் தேவையில்லை.

கேள்வி: ஆண்டு முழுவதற்கும் தேதி போட்டுத் திட்டம் தயாரித்தேன். ஆறாவது வாரமே எல்லாம் குலைந்துவிட்டது. தினமும் ‘பின்தங்கிவிட்டோம்’ என்ற எண்ணத்தோடுதான் தொடங்குகிறோம். எங்கே தவறு?

பதில்: பாடத்தைத் தேதியோடு இறுக்கிக் கட்டியதில்தான். பாடங்களின் வரிசை நிலையானது, தேதி மாறக்கூடியது. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதினால், ஒன்று நகரும்போது மற்றொன்றை அழித்து எழுத வேண்டியிருக்கும்.

முதலில் தேதியே இல்லாமல் கணக்குப் போடுங்கள். புத்தகத்தில் எத்தனை பாடங்கள்? வாரத்துக்கு எத்தனை வகுப்புகள்? 120 பாடங்கள், வாரம் 4 வகுப்பு என்றால் 30 வாரம். 36 வாரக் கல்வியாண்டில் 6 வாரம் மிச்சம். இது ஆரோக்கியமான திட்டம். அதே புத்தகத்தில் 140 பாடங்கள் இருந்தால் 35 வாரம் ஆகும். காகிதத்தில் பொருந்துவதுபோலத் தெரியும். ஆனால் கையில் இருப்பது ஒரே வாரம். முதல் காய்ச்சலுக்கே அது போய்விடும். 150 பாடங்கள் என்றால் 37 வாரத்துக்கு மேல் போகும், பொருந்தவே பொருந்தாது. வாரம் 5 வகுப்பாக்கலாம், அல்லது தெரிந்த பாடங்களைத் தொடக்கத்திலேயே தேர்வு வைத்துத் தாண்டலாம். ஓட்டி ஓட்டி முடிப்பது மட்டும் வழியல்ல.

பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். சின்னக் குழந்தை வீட்டில் இருந்தால் ஏழில் ஒரு பங்கு. இந்தக் காலி வாரங்களை ஆண்டின் கடைசியில் குவித்து வைத்தால் பயன்படாது. வழி நெடுகப் பிரித்துப் போட வேண்டும். 6 வாரம் பாடம், 1 வாரம் ஓய்வு என்ற சுற்று பல வீடுகளில் நன்றாகவே ஓடுகிறது. அப்படி 6 சுற்று என்றால் 36 வாரம் பாடம், 6 வாரம் இடைவெளி, மீதி 10 வாரம் நீண்ட விடுமுறை, 52-ம் சரியாகிவிட்டது. பின்தங்கியதை அந்த ஏழாவது வாரத்தின் முதல் இரண்டு நாளில் சரிசெய்துகொள்ளலாம்.

உறுதியான தேதி அடுத்த இரண்டு வாரத்துக்கு மட்டும் போதும். அதற்கு அப்பால் ‘இந்தச் சுற்றுக்குள் 48-ஆம் பாடம் வரை’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பணம் கட்டும் ஆப் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டேன். கூகுள் ஷீட்ஸில் தேதிகள் தானாக நகரும்படி செய்ய முடியுமா? படிப்படியாகச் சொல்லுங்கள்.

பதில்: முடியும். எக்செல், லிப்ரே ஆஃபிஸ் கால்க் இரண்டிலும் இதே முறைதான்.

கணிதம், அறிவியல் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தாள். ஏ நெடுவரிசையில் வரிசை எண், பி-யில் பாடத்தின் பெயரும் பக்கமும், சி-யில் எதிர்பார்க்கும் நிமிடம், டி-யில் திட்டத் தேதி, இ-யில் டிக் பெட்டி, எஃப்-இல் உண்மையில் முடிந்த தேதி, ஜி-யில் குறிப்பு. ஹெச் நெடுவரிசையைப் பாடம் இல்லாத தேதிகளுக்கு ஒதுக்குங்கள்: பண்டிகை, பயணம், எல்லாம்.

இனி டி நெடுவரிசை. தலைப்பு முதல் வரியில் இருப்பதால், டி2-இல் முதல் பாடத்தின் தேதியைக் கையால் அடியுங்கள். டி3-இல் முதலில் சமக்குறி, பிறகு ‘ஒர்க்டே’ என்ற சொல், ஒரு புள்ளி, ‘ஐ-என்-டி-எல்’ என்ற நான்கு எழுத்து. இதுதான் ஃபார்முலாவின் பெயர். ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் நான்கு தகவல்கள்: மேலே உள்ள டி2 செல், 1 என்ற எண், வாரத்தின் அமைப்பு, ஹெச் நெடுவரிசையின் வரம்பு. ‘மேலே உள்ள தேதிக்கு அடுத்து வரும் பாட நாளைக் கொடு’ என்பது இதன் பொருள். பிறகு டி3-ஐக் கடைசிப் பாடம் வரை கீழே இழுத்துவிடுங்கள்.

வாரத்தின் அமைப்பு என்பது ஏழு இலக்கம். முதல் இலக்கம் திங்கள், கடைசி இலக்கம் ஞாயிறு. 0 என்றால் பாடம் உண்டு, 1 என்றால் இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை என்றால் 0000011. திங்கள், புதன், வெள்ளி மட்டும் என்றால் 0101011.

சிக்கல்கள் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வரும். ஏழு இலக்கத்தையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் அடிக்காவிட்டால், ஷீட் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள சைபர்களை விழுங்கிவிடும். 0101011 என்றால் பிழைச் செய்தி வரும். 0000011 என்றால் அதுகூட வராது; அது 11 என்று சுருங்கி, ‘ஞாயிறு மட்டும் விடுமுறை’ என்று பொருள்பட்டு, சனிக்கிழமையிலும் பாடம் விழும். ஹெச் வரம்பில் டாலர் குறி போடாமல் கீழே இழுத்தால், வரம்பும் சேர்ந்து ஒவ்வொரு வரியாக இறங்கும். மேலே உள்ள பாடங்கள் விடுமுறையை மதிக்கும், கீழே உள்ளவை பண்டிகை நாளிலேயே வந்து உட்காரும். இது உடனே கண்ணில் படாது, மாதங்கள் கழித்துத்தான் தெரியும். ஆகவே இழுத்து முடித்ததும் கடைசி வரியின் ஃபார்முலாவை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். 03/04 என்ற தேதியை மார்ச் 4 என்றும் படிக்கலாம், ஏப்ரல் 3 என்றும் படிக்கலாம். தாளின் அமைப்புகளில் நாட்டைச் சரியாக வைத்த பிறகே தேதிகளை அடியுங்கள்.

நடுவில் ஒரு பாடத்தைச் சேர்க்கும்போது இன்னொரு வம்பு. புதிய வரியைச் செருகினாலும், அதற்குக் கீழே உள்ள வரி பழைய மேல்வரியையேதான் பார்த்துக்கொண்டிருக்கும். விளைவு, இரண்டு பாடங்களுக்கு ஒரே தேதி. செருகிய இடத்துக்கு ஒரு வரி மேலிருந்து ஃபார்முலாவை மறுபடி இரண்டு வரி கீழே இழுத்தால் சரியாகிவிடும்.

ஒரு நாள் தவறினால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்தத் தேதியை ஹெச் நெடுவரிசையின் அடியில் சேருங்கள். மீதிப் பாடங்கள் அத்தனையும் தாமாக நகரும். ஒரு பாடம் இரண்டு நாள் இழுத்தாலும் இதே வைத்தியம்தான். இரண்டாவது நாளின் தேதியை அங்கே போட்டுவிடுங்கள். ஒரே நாளில் இரண்டு பாடம் முடிந்தால், இரண்டாவதின் டி செல்லில் ஃபார்முலாவுக்குப் பதில் அன்றைய தேதியையே அடியுங்கள். கீழே உள்ளவை முன்னால் வரும். ஹெச் வரம்பை மட்டும் தொடக்கத்திலேயே 60 வரிக்கு நீட்டி வையுங்கள். காலியான செல்கள் எந்தக் கெடுதலும் செய்யாது.

கேள்வி: கூகுள் காலண்டரில் ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனி நிகழ்வாகப் போட்டிருக்கிறேன். திரையே நிரம்பி வழிகிறது. இதை விட்டுவிடலாமா?

பதில்: காலண்டரை விட வேண்டாம், பாடங்களை அதிலிருந்து வெளியே எடுங்கள். காலண்டரில் இருக்க வேண்டியது நேரம் மட்டுமே. ‘9.30 – 10.10 கணிதம்’ என்று வாராவாரம் திரும்பவரும் ஒரே நிகழ்வு போதும். அன்று எந்தப் பாடம் என்பதை ஷீட் சொல்லும். நீச்சல் வகுப்பு, ஆன்லைன் வகுப்பு, மருத்துவர் சந்திப்பு என்று நேரம் மாறாதவையே காலண்டரின் உண்மையான சரக்கு.

ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் காலண்டரைத் தொடங்கி ஒரு நிறம் கொடுங்கள். அப்போது ஒருவருடையதை மட்டும் மறைத்துப் பார்க்கலாம், வீட்டில் மற்றவர்களோடு பகிரலாம். திரும்பவரும் நிகழ்வை மாற்றும்போது ‘இது மட்டும்’, ‘இதுவும் இனி வருபவையும்’, ‘எல்லாம்’ என்று கேட்கும். ஆண்டின் நடுவே நேரத்தை மாற்றும்போது இரண்டாவதைத்தான் தொட வேண்டும். ‘எல்லாம்’ என்று தட்டினால் கடந்த மாதங்களும் மாறி, பதிவு பொய்யாகிவிடும்.

ஷீட்டிலிருந்து தேதிகளை மொத்தமாக ஏற்ற விரும்பினால், அதற்கென்று புதிய காலண்டர் ஒன்றைத் தொடங்கி அதில் ஏற்றுங்கள். தவறாகப் போனால் அந்தக் காலண்டரையே அழித்துவிடலாம். பிரதான காலண்டரில் ஏற்றிவிட்டு 140 நிகழ்வுகளை ஒவ்வொன்றாக நீக்கும் தண்டனை யாருக்கும் வேண்டாம். ஒரே கோப்பை இரண்டு முறை ஏற்றினால் எல்லாம் இரட்டிப்பாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: 7, 10, 13 வயதில் மூன்று பிள்ளைகள். சொல்லிக்கொடுப்பது நான் ஒருத்திதான். எந்த ஆப்பில் அட்டவணை போட்டாலும் நடைமுறைக்கு வரவில்லை.

பதில்: உங்கள் வீட்டில் பற்றாக்குறை உங்கள் நேரம்தான். பெரும்பாலான ஆப்கள் குழந்தையின் நேரத்தைக் கணக்கிடும், சொல்லிக்கொடுப்பவரின் நேரத்தைக் கணக்கிடாது. எனவே முதலில் ஒரு வெள்ளைத்தாள்.

ஒவ்வொருவருக்கும் நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டிய நிமிடங்களை மட்டும் எழுதுங்கள். உதாரணமாக, 7 வயதுக்கு வாசிப்பு 20, கணிதம் 20, எழுத்து 15; மொத்தம் 55. 10 வயதுக்குக் கணித விளக்கம் 15, எழுதியதைத் திருத்த 15, படித்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்க 10, மொத்தம் 40. 13 வயதுக்குக் கணிதச் சந்தேகம் 20, கட்டுரை 15, மொத்தம் 35. மூவரையும் உட்காரவைத்து உரக்க வாசிப்பது 30. கூட்டினால் 160 நிமிடம். ஒன்பது அமர்வுகளுக்கு நடுவில் எட்டு இடைவெளி; தலா 5 நிமிடம் என்றால் இன்னும் 40. ஆக 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம், நீங்கள் எழுந்திருக்கவே முடியாது. அவ்வளவு நேரம் உங்களிடம் இல்லையென்றால் எந்த ஆப்பும் அதை உண்டாக்கித் தராது. அமர்வைக் குறைக்க வேண்டும், அல்லது பெரியவர்களின் கட்டுரையை ஒருநாள் விட்டு ஒருநாளாக்க வேண்டும்.

பிறகு கட்டம் போடுங்கள். இடதுபக்கம் 15 நிமிட வரிகள், மேலே மூன்று பிள்ளைகளின் பெயர். நீங்கள் தேவைப்படும் அமர்வை ஒரு நிறச் சீட்டிலும், தனியே செய்யும் வேலையை வேறு நிறச் சீட்டிலும் எழுதி ஒட்டுங்கள். விதி ஒன்றே: ஒரு வரியில் உங்கள் நிறம் ஒரு முறைதான் வரலாம். மூவரும் சேர்ந்து உரக்க வாசிக்கும் நேரம் மட்டும் இதற்கு விலக்கு. இளையவரைக் காலையில் முதலில் முடித்துவிடுங்கள். காத்திருக்கும் பொறுமை அவருக்குத்தான் குறைவு. சின்ன வகுப்புகளுக்குப் பாட நேரம் குறுகியதாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்திய பிரிட்டிஷ் கல்வியாளர் சார்லட் மேசன், இந்த வயதுக்கு 20 நிமிடத்தைத் தாண்டவிடவில்லை. அது இன்றைக்கும் நல்ல அளவுகோல்தான். சீட்டுகள் ஒரு வாரம் நகராமல் நின்ற பிறகு காலண்டருக்கு மாற்றுங்கள்.

புவியியல், ஓவியம், இசை ரசனை, இயற்கை அவதானிப்பு போன்றவற்றுக்குத் தனித்தனி நாள் ஒதுக்காமல் சுழற்சிப் பட்டியலில் போடுங்கள். வாரத்தில் மூன்று நாள் 40 நிமிடம் ‘சுழற்சி’ என்று மட்டும் அட்டவணையில் இருக்கும். பட்டியலில் எதில் நின்றீர்களோ அதற்கு அடுத்தது இன்றைக்கு. ஒரு பேப்பர் கிளிப்பை நகர்த்திக்கொண்டே போங்கள். புதன்கிழமை தவறியதால் ஓவியம் மட்டும் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் நிலை வராது. கணிதம், வாசிப்பு, இசைக்கருவிப் பயிற்சி ஆகியவற்றைச் சுழற்சியில் சேர்க்காதீர்கள்; அவற்றுக்கு அன்றாடத் தொடர்ச்சி வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. ஆப்பில் பட்டியல் இருக்கிறது. ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘அடுத்து என்ன?’ என்று கேட்கிறான்.

பதில்: பட்டியல் உங்கள் கைபேசியில் இருக்கிறது, அவன் கையில் இல்லை. விரல் அகல அட்டைகளில் ஒரு வேலைக்கு ஒன்றாக எழுதி, பின்புறம் வெல்க்ரோ ஒட்டி, ஒரு பலகையில் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துங்கள். முடித்ததை அவனே உரித்து டப்பாவில் போடட்டும். ஒரு நாளைக்கு ஆறு அட்டை போதும். ‘கணிதம்’ என்று எழுதாதீர்கள். ‘பக்கம் 42, முதல் 8 கணக்கு’ என்று எழுதினால்தான் எங்கே முடிகிறது என்பது அவனுக்குத் தெரியும்.

ஒர்க்பாக்ஸ் முறை இதன் அடுத்த படி: ஆறு எண்ணிட்ட பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலைக்குத் தேவையான புத்தகம், பென்சில், கத்தரிக்கோல் வரை எல்லாம். ‘ரப்பர் எங்கே’ என்ற கேள்வி நின்றுவிடும். ஆனால் முந்தின இரவே நீங்கள் பெட்டிகளை நிரப்ப வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தை ஒதுக்க முடியாதவர்கள் அட்டையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: வேலைப் பட்டியல்களையும் குறிப்புகளையும் வைத்துக்கொள்ளும் ஆப்களான டிரெல்லோ, நோஷன் இரண்டில் எது சிறந்தது?

பதில்: 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தன் வேலையைத் தானே நிர்வகிக்க டிரெல்லோ போதும். ‘இனி’, ‘இந்த வாரம்’, ‘இன்று’, ‘முடிந்தது’ என நான்கு பட்டியல்; ‘இன்று’ பட்டியலில் ஐந்து கார்டுக்கு மேல் கூடாது. நோஷனில் எதை வேண்டுமானாலும் கட்டலாம். அதுதான் ஆபத்தும், பலர் பக்கத்தை அலங்கரிப்பதிலேயே ஒரு விடுமுறையைக் கழித்துவிடுகிறார்கள்.

கேள்வி: புதுப் பாடங்கள் திட்டப்படி போகின்றன. ஆனால் இரண்டு மாதம் முன்பு படித்தது மறந்துபோகிறது. மீள்பார்வையை எந்தக் கருவியில் திட்டமிடுவது?

பதில்: மீள்பார்வையை அட்டவணையில் ‘வெள்ளிக்கிழமை ரிவிஷன்’ என்று போட்டால் அது நடக்காது, புதுப் பாடம் வழிந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். தினமும் 10 நிமிடம், காலையில் முதல் வேலையாக வையுங்கள்.

காகிதத்தில் செய்ய, 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் விளக்கிய முறை இருக்கிறது: ஒருபுறம் கேள்வியும் மறுபுறம் பதிலும் எழுதிய அட்டைகள், அவற்றை வைக்க அறைகளாகப் பிரித்த ஒரு பெட்டி. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறியது முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை பார்க்கலாம்.

ஆப் என்றால், இதே அட்டை வேலையைச் செய்யும் ‘அங்கி’ (Anki). கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனுக்கான அதிகாரபூர்வ ஆப்புக்குப் பணம் கட்ட வேண்டும். ஒரு அமைப்பை மட்டும் உடனே மாற்றுங்கள்: நாளுக்கு 20 புதிய அட்டை என்பது அதன் இயல்பான அளவு. அதை அப்படியே விட்டால் சில வாரங்களில் தினமும் சுமார் 200 அட்டை மீள்பார்வைக்கு வந்து நிற்கும். குழந்தைக்கு 5 புதிய அட்டை போதும். மீள்பார்வை 50-ஐ ஒட்டி நிற்கும்.

கேள்வி: ஏஐ-யிடம் ஆண்டுத் திட்டத்தையே போட்டுத் தரச் சொல்லலாமா?

பதில்: புத்தகத்தின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால், இல்லாத அத்தியாயங்களையும் நம்பிக்கையோடு எழுதித் தரும். பொருளடக்கத்தை முழுதாக ஒட்டி, வாரத்துக்கு எத்தனை வகுப்பு என்று சொல்லி, வாரம் வாரமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். வந்ததும் பாடங்களின் மொத்த எண்ணிக்கையைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். நடுவில் ஒன்றிரண்டு காணாமல் போவது சகஜம். தேதி போடும் வேலையை அதனிடம் விடாதீர்கள், ஷீட்டிடம் விடுங்கள்.

கேள்வி: கல்வித் துறையிடம் பதிவேடு காட்ட வேண்டியிருக்கிறது. எதை, எவ்வளவு எழுதிவைப்பது?

பதில்: விதிகள் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் பகுதியில் கேட்பது மணிக்கணக்கா, நாள்கணக்கா, பாடவாரியான மாதிரிகளா என்பதை எழுத்துமூலம் உறுதிசெய்த பிறகே கருவியைத் தேர்ந்தெடுங்கள். மணி கேட்கும் இடத்தில் நிமிடத்தைக் குறிக்க வசதியில்லாத ஆப்பை வைத்துக்கொண்டு, ஆண்டுக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுவது பெரும்பாடு.

ஒரு பாடத்துக்கு ஒரு வரி எழுதுங்கள்: தேதி, பாடம், என்ன செய்தோம், நிமிடம். ‘கணிதம் செய்தோம்’ என்பதைவிட ‘பின்னக் கூட்டல், வெவ்வேறு பகுதி எண்கள், 12 கணக்கு’ என்பது பயன்படும். அன்றன்றைக்கே எழுதினால் ஐந்து நிமிடம். திட்டத் தேதியை அழித்து முடிந்த தேதியை எழுதாதீர்கள்; இரண்டும் தனித்தனியாக இருந்தால்தான் அடுத்த ஆண்டு எந்தப் பாடத்துக்கு எவ்வளவு இழுக்கும் என்று தெரியும்.

மாதிரிகளுக்கு, ஒரு பாடத்துக்கு வாரம் ஒரு படம் போதும். பருவம் முடிந்ததும் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கலாம். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள்: ‘2025-06-12 கணிதம் பின்னம்’. நாளை முதலில் போட்டால் எல்லா மாதத்தின் 12-ஆம் தேதிகளும் ஒன்றாகக் குவிந்துவிடும். மாதக் கடைசியில் பதிவேட்டை சிஎஸ்வி, பிடிஎஃப் இரண்டாகவும் இறக்கி, ஆப் இருக்கும் அதே கணக்கில் அல்லாமல் வேறொரு இடத்தில் சேமித்துவையுங்கள்.